இரண்டாவது அடியில்தான் வெடித்தது

சென்ற மாதம், ஹூஸ்டன் அருகே ஒரு சுடுதளம். விசையை அழுத்தினேன். 'டக்'. அவ்வளவுதான். துப்பாக்கியை இலக்கை நோக்கியே 30 விநாடி பிடித்திருந்துவிட்டு, அதே தோட்டாவை மறுபடி போட்டேன். வெடித்தது. அன்று நான்கு முறை இப்படி.

தோட்டாக்கள் நானே கராஜில் நிரப்பியவை. (இந்தியாவில் உரிமம் இல்லாமல் இதைச் செய்தால் கம்பி எண்ண வேண்டும்.) பிரைமர் தயாரித்தவர்களைத் திட்டினேன். துப்பாக்கியின் ஸ்பிரிங்கைச் சந்தேகித்தேன். விஷயம் வேறு. பிரைமர் குழிக்குள் முழுசாக உட்காரவில்லை. ஊசியின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது.

என் பிரஸ்ஸில் கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும். திருப்பித் தள்ளும்போதுதான் பிரைமர் ஏறும். எனக்கோ இழுப்பதில் இருக்கும் வேகம் தள்ளுவதில் இல்லை.

இது பாதிக் காரணம். மீதி, வாளியில் இருந்தது. பொறுக்கி வந்த காலிக் கூடுகளில் ராணுவக் கூடுகளும் கலந்திருந்தன. அவற்றில் பிரைமர் நழுவாதபடி குழியின் விளிம்பை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். அதை வெட்டி எடுக்காமல் புதுசு ஏறாது. ஒன்று சிக்கியது. பலமாக அழுத்தப் போனேன்.

"கண்ணாடி போட்டுண்டேளா?" வாசலில் மனைவி.

போடவில்லை. முகத்துக்கு நேரே, குழாயில் ஏறக்குறைய 100 பிரைமர்கள். கையை எடுத்துவிட்டேன்.

மிச்சத் தோட்டாக்களின் அடியை விரலால் தடவியதில் 17 துருத்திக்கொண்டிருந்தன. நிரப்பிய தோட்டாவில் பிரைமரை அழுத்தவே கூடாது. ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன். இன்னும் ஆறு பாக்கி.