பிரேக் அடித்தால் கரகர சத்தமா? லொறியை நிறுத்துங்கள்



புதுக்கடை, வாழைத்தோட்டம், மாளிகாவத்தைப் பக்கம் லொறியை நம்பி அடுப்பெரியும் வீடுகள் நிறைய. பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் ஏற்றுகிறவர், விடியுமுன் பேலியகொடை மெனிங் சந்தைக்கு மரக்கறி எடுக்கப் போகிறவர், வீடு மாற்ற ஹயர் ஓடுகிறவர். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

நாங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள், பாஸ்மார் இல்லை. ஆனால் பாடசாலை விடும் நேரம் கேற்றடியில் நின்று பிள்ளைகளை ரோட்டுக் கடத்தி விடுகிறவர்களும் நாங்கள்தான். இரும்பு உரசும் சத்தத்தோடு வந்து நிற்கும் லொறிகளைக் கேட்டால் நெஞ்சு பதறும். எங்கள் பிள்ளை ஒருவரின் வாப்பாவும் அப்படி ஒரு லொறியில் வந்தார். கேட்டோம். "சேர், மொதலாளிட்ட சொல்லி ரெண்டு கெழம ஆகுது. இந்த ஹயர் முடியட்டும், பாப்பம்ங்குறாரு" என்றார். அது கண்டி ஹயர். கடுகண்ணாவை இறக்கம்.

அன்றே அவரோடு பஞ்சிகாவத்தையில் ஒரு பாஸிடம் போனோம். பாஸ் சில்லைக் கழற்றுமுன் கேள்விதான் கேட்டார். அந்தக் கேள்விகள் எல்லாருக்கும் உதவும்.

சத்தம் எப்போது வருகிறது? பிரேக் அடித்தால் மட்டும் என்றால் முதலில் லைனரைப் பார்க்க வேண்டும். பிரேக்கைத் தொடாமலே வந்து, வேகத்தோடு கூடி, வளைவில் மாறினால் பெயாரிங்கைப் பார்க்க வேண்டும்.

காலையில் மட்டுமா? இரவு மழையில் நின்ற வண்டியில் மெல்லிய துரு பிடிக்கும். நாலைந்து தரம் பிரேக் அடித்தால் போய்விடும். போகாவிட்டால் அது துரு இல்லை.

கிறீச் சத்தமா, கரகர சத்தமா? டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகள் பலவற்றில் பேட் தேய்ந்து வரும்போது கிறீச்சிட்டு எச்சரிக்கும். கரகர என்றால் பெரும்பாலும் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, இரும்பில் இரும்பு உரசுகிறது.

எந்தச் சில்லு? ஓடி நிறுத்தியதும் கையைக் கிட்டக் கொண்டுபோனால் போதும், தொடக் கூடாது. ஒன்று மட்டும் மற்றவற்றை விடச் சுட்டால், கருகிய வாடை வந்தால், அங்கேதான் தேட வேண்டும்.

பின் சில்லைக் கழற்றிய பின் நாங்களே கண்டோம். லைனர் முழுக்கத் தேய்ந்து, அதைப் பிடித்திருந்த ரிவெட் தலைகள் டிரம்மில் வட்டம் வட்டமாகப் பள்ளம் போட்டிருந்தன. இரண்டு கிழமைக்கு முன் லைனரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. இப்போது டிரம்மையும் லேத்தில் கடைய வேண்டும். அளவுக்கு மேல் கடையவும் முடியாது, டிரம் மெலிந்தால் புதிதுதான். லைனர் மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊத வேண்டாம், பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் உண்டு.

வகுப்பில் சொல்லும் கணக்கு ஒன்று: வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் வெப்பமாக்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. சுமையோடு இறக்கத்தில் அந்த வெப்பம் நிற்காமல் ஏறும், நல்ல லைனரே பிடி தளரும். அதனால்தான் பழைய டிரைவர்மார் ஏறின கியரிலேயே இறங்குவார்கள். தேய்ந்த லைனருக்கு அதுவும் காவல் இல்லை.

சத்தத்தைக் கேட்பவர் டிரைவர், காசு கொடுப்பவர் முதலாளி. நாட்கூலிக்கு ஓடுகிற டிரைவர் "ஓட மாட்டேன்" என்று சொல்வது லேசில்லை. சொன்னால் நாளைக்கு வேறு ஆள் ஸ்டியரிங்கில் இருப்பார். ஆகவே முதலாளிமாரிடம்தான் கேட்கிறோம்: டிரைவர் சத்தம் என்று சொன்ன அன்றே லொறியை கராஜில் விடுங்கள். அந்த ஒரு நாள் கூலியையும் வெட்டாதீர்கள். வெட்டினால் அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார்.

டிரைவரும் கிளீனரும் ரோட்டில் நடக்கும் நம் பிள்ளைகளும் உங்கள் கையில் உள்ள அமானிதம். அல்லாஹ் எல்லாரையும் பாதுகாப்பானாக.

லொறி வைத்திருக்கும் உறவுகளுக்கு இதைப் பகிருங்கள்.