நூறைத் தொடாத ஊர்

வானிலைப் பதிவேடுகளை நோண்டுவது எனக்கு ஒரு பைத்தியம். அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் பஃபலோ நகரம் இதுவரை நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டதே இல்லை. உச்சம் 99, 1948 ஆகஸ்டில். நம் கணக்கில் 37.2 செல்சியஸ். சிங்கப்பூரின் உச்சமும் 37தான்! சொன்னால் யாரும் நம்ப மாட்டாங்க.

கீழே இறங்கினால்தான் வித்தியாசம். 1934 பிப்ரவரியில் மைனஸ் 29 செல்சியஸ். 1977 ஜனவரிப் புயலில் வானத்திலிருந்து விழுந்த பனி கொஞ்சம்தான். உறைந்த ஏரிமேல் கிடந்ததைக் காற்று வாரிக்கொண்டு வந்து ஊரை மூடியது. 2022 கிறிஸ்துமஸ் புயலின்போது ஏரி உறைந்திருக்கவில்லை. அந்தத் தண்ணீரின் ஈரத்தைக் குடித்த குளிர்காற்று அதையே பனியாகக் கொட்டியது.

டிசம்பர் 23 அன்று வாகனத் தடை அமலுக்கு வந்தது காலை 9.30க்கு. அதற்குள் பலர் வேலைக்குப் போயாச்சு. ஈரி கவுண்டியில் மட்டும் 47 பேர் இறந்தார்கள். சிலர் காருக்குள், சிலர் தெருவில், சிலர் சூடில்லாத வீட்டில். லீவு போட்டால் சம்பளம் போகும் என்கிறவருக்கு முன்னறிவிப்பு மட்டும் போதுமா? இப்போதெல்லாம் ஓர் உச்ச எண்ணைப் பார்த்தால், அன்றைக்கு யாரெல்லாம் வெளியே போயே ஆகவேண்டியிருந்தது என்றுதான் முதலில் தேடுகிறேன்.