கற்ற கைக்குப் பக்கத்தில் ஒரு கண்

வேலை தேடும் உள்ளூர் இளைஞர்களை மருத்துவமனைப் பணிகளுக்குத் தயார்செய்யும் எங்களிடம் எல்லோரும் முதலில் கேட்பது, படிப்பு எத்தனை மாதம் என்பதைத்தான். முடித்தபின் இவர்கள் யார் மேற்பார்வையில் வேலை செய்வார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. என் கணக்கில் அதுதான் பெரிய கேள்வி. நாடித்துடிப்பு எண்ணுவதை ஒரு காலைப்பொழுதில் சொல்லித் தந்துவிடலாம். எண்ணிக்கை மாறித் தெரிந்தால் மறுபடி எண்ணுவதும், அப்போதும் அப்படியே இருந்தால் தயங்காமல் சிஸ்டரைக் கூப்பிடுவதும் வகுப்பறையில் வராது. படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டும்போது இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று கண் தானாகப் போக வேண்டும். புண் வருவதற்கு முன் தெரியும் அடையாளம் அது. பக்கத்தில் நின்று ஒருவர் திருத்தத் திருத்தத்தான் இந்தப் பழக்கம் படியும்.

படிப்புக் குறைந்தவர்களை நம்பி உயிரை ஒப்படைக்கலாமா என்ற அச்சம் நியாயமானது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியரின் சேர்ச் நிறுவனம், 39 கிராமங்களில் ஓரளவே பள்ளிப்படிப்புள்ள உள்ளூர்ப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்கவும், கிருமித்தொற்றைக் கண்டறிந்து ஊசி போடவும் கற்றுத் தந்தது. அங்கே பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததை 1999இல் லான்செட் இதழ் வெளியிட்டது. படிப்பே தேவையில்லை என்பதற்குச் சான்றாக இதைக் காட்டுகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு எதைச் செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற எல்லை தெளிவாக இருந்தது. எழுதிய பதிவேட்டை மருத்துவர் ஊருக்கே வந்து சரிபார்த்தார்.

மதுரையில் 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து இரண்டாண்டு பயிற்றுகிறது. அந்த உதவித்தொகையை நான் முக்கியமாக நினைக்கிறேன். பஸ் கட்டணமும் விட்டுப்போன கூலியும்தான் பலரைப் பாதியில் வீட்டுக்கு அனுப்புகின்றன. திறமைக் குறைவு அபூர்வம்.

குறைந்த சம்பளத்துக்கு ஆள் பிடிக்கும் வழி இது என்ற குற்றச்சாட்டை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. 2005இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் ஆஷா பணியாளர்களுக்கு இன்றும் தன்னார்வலர் என்ற பெயரும், சம்பளத்துக்குப் பதில் ஊக்கத்தொகையும்தான். அதற்காகப் பயிற்சியை நிறுத்துவது வேலையில்லாதவர்களுக்கே இரண்டாம் தண்டனை. ஆட்களைக் கேட்கும் மருத்துவமனை, சம்பளம் எவ்வளவு, எந்தச் செவிலியரின் பொறுப்பில் இவர்கள் இருப்பார்கள், அடுத்த நிலைக்கு எப்போது உயரலாம் என்பதை முதல் நாளே எழுத்தில் தர வேண்டும். தராத இடத்துக்கு நாங்கள் ஆள் அனுப்பக் கூடாது.