கூர்வளைவு வந்த வழி

எங்கள் சத்தியமங்கலம் 17ஆம் நூற்றாண்டிலேயே சேசு சபைத் துறவியர் வந்து பணியாற்றிய ஊர். ஆயினும், ஐரோப்பியரின் கோதிக் கட்டடக்கலையை அதன் முழு உயரத்தோடு நான் முதலில் கண்டது சென்னைச் சாந்தோமில்தான். போர்த்துகீசியரின் பழைய ஆலயம் இருந்த இடத்தில் 1896இல் எழுந்த பேராலயம் அது. "ஐயா, இது முழுக்க வெள்ளைக்காரர் கலைதானே?" என்றார் உடன்வந்த மாணவர்.

உச்சியில் கூர்மை பெறும் வளைவுகளைச் சுட்டிக்காட்டினேன். கெய்ரோவில் 879இல் நிறைவுற்ற இப்னு தூலூன் பள்ளிவாசலில் அவை வரிசையாக நிற்கின்றன. பாரிசை அடுத்த செயின்ட் டெனி ஆலயத்தில் கோதிக் கலை முழுவடிவம் பெற்ற கிழக்குப் பகுதி முடிந்ததோ 1144இல். அரைவட்ட வளைவைவிடக் கூர்வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் குறைவாகவே தள்ளும். ஆகவே சுவர் உயரலாம், சாளரம் அகலலாம். இலண்டன் புனித பவுல் பேராலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென், கோதிக் கலையைச் 'சாரசன் கலை' என்பதே பொருந்தும் என எழுதினார். சாரசன் என்பது முஸ்லிம்களை ஐரோப்பியர் அழைத்த பெயர். (கோதிக் என்பதும் இகழ்ச்சியாக இட்ட பெயரே!)

இதைப் படித்த அன்று நான் அடைந்த பெருமிதம் சிறிதன்று. ஆயினும் ரென் கூற்று மிகையே. வளைவு கிழக்கிலிருந்து சென்றிருக்கலாம். அதனோடு விலா எலும்பு போன்ற கல்வரிகளையும், வெளியே நின்று சுவரைத் தாங்கும் முட்டுவளைவுகளையும் இணைத்துக் கல்லின் கனத்தையே மறக்கச் செய்தவர்கள் பிரெஞ்சுக் கொத்தர்கள். காப்பிய வடிவத்தை முன்னோரிடம் பெற்றுத்தான் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடினார். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தேம்பாவணி பாடினார். அவற்றை இரவல் என்று எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை.