செவ்வாய்க்குப் போகாத ஆட்டம்

நிண்டெண்டோவின் பழைய ‘ஃபயர் எம்ப்ளம்’ வீடியோ ஆட்டங்களில் ஒரு வீரன் விழுந்தால் விழுந்ததுதான். அடுத்த போருக்கு அவன் வரமாட்டான். சதுரங்கம்போல் கட்டம் கட்டமாகக் காய் நகர்த்தும் ஆட்டம் இது. ஆனால் இங்கே ஒவ்வொரு காய்க்கும் பெயரும் முகமும் கதையும் உண்டு. ஷோசோ காகா உருவாக்கி 1990இல் ஜப்பானில் வெளியான முதல் ஆட்டத்திலேயே இந்தக் கண்டிப்பு இருந்தது. ஒரே ஒரு அவசர நகர்த்தலில் பிரியமான வில்லாளியைப் பறிகொடுத்துவிட்டு, அந்தப் போரையே முதலிலிருந்து ஆடியவர்கள் ஏராளம்.

புதியவர்களை வாசலிலேயே மிரட்டியதும் அதே கண்டிப்புதான்.

விற்பனை தேய்ந்துகொண்டே வந்தது. அடுத்த ஆட்டம் 2.5 லட்சம் பிரதிகள் விற்காவிட்டால் அதுவே கடைசி என்று விற்பனைப் பிரிவு சொல்லிவிட்டதாகத் தயாரிப்பாளர் ஹிதோஷி யமகாமி பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். பதற்றத்தில் என்னென்னவோ பேசினார்கள். இன்றைய நகரத்தில் கதையை நடத்தலாமா, செவ்வாய்க் கிரகத்துக்கே கொண்டுபோகலாமா என்றுகூட யோசனை ஓடியது. நல்லவேளை, போகவில்லை. கடைசி ஆட்டம் என்றால் இதுவரை செய்ததில் சிறந்ததையெல்லாம் இதிலேயே வைத்துவிடுவோம் என்று பழைய சரக்கைத் தேடினார்கள். வீரர்கள் மணம்புரிவதும் அவர்கள் பிள்ளைகள் போருக்கு வருவதும் 1996இன் ஆட்டத்திலிருந்து வந்தன. விழுந்தவர் அடுத்த போரில் திரும்பிவரும் எளிய முறை, ஜப்பானில் மட்டும் வெளியான 2010இன் ஆட்டத்திலிருந்து வந்தது.

2012இல் 3டிஎஸ் கருவிக்கு வெளிவந்த ‘அவேக்கனிங்’ அந்த 2.5 லட்சத்தைப் பல மடங்கு தாண்டியது.

எளிய முறையால் ஆட்டத்தின் உயிரே போயிற்று என்று பழைய ரசிகர்கள் சிலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. இழப்பின் பயம்தான் ஒவ்வொரு நகர்த்தலையும் கனமாக்கியது. ஆனால் அந்தப் பயத்தை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. வேண்டியவர் தொடக்கத்திலேயே பழைய முறையைத் தேர்ந்துகொள்ளலாம். தவிர, அருகருகே நின்று போரிட்டு நெருங்கியவர்களின் மகள், பெற்றோரின் திறமைகளோடு எதிர்காலத்திலிருந்து வந்து நிற்கையில், எளிய முறையில் ஆடுகிறவருக்கும் மனம் கனக்கத்தான் செய்கிறது.

2019இல் ஸ்விட்ச் கருவிக்கு வந்த ‘த்ரீ ஹவுசஸ்’ 30 லட்சத்தையும் தாண்டி விற்றது. செய்த தவறைக் காலத்தைப் பின்னோக்கித் திருப்பிச் சரிசெய்யும் வசதியும் அதில் உண்டு, அளவோடு. பழைய கண்டிப்பு வேண்டுமா, எளிய முறை வேண்டுமா என்று அதுவும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுகிறது.