அசால்ட் சேதுவுக்கு வாத்தியார் வைத்தவருக்கு

இயக்குநர் கார்த்திக் சுப்புராஜ் அவர்களுக்கு,

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்ப்பவன், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். 2014 ஆகஸ்ட் 1 அன்று வெளியான உங்கள் 'ஜிகர்தண்டா' படத்துக்கு இப்போது நன்றி சொல்ல வந்திருக்கிறேன். ஆறின கஞ்சிதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மதுரைக்காரர், உங்களுக்குத் தெரியாததில்லை. மதுரைக்குத் தெற்கே இருக்கிறவன் என்றாலே சினிமாவில் கையில் அரிவாளைக் கொடுத்து, பின்னால் தாரை தப்பட்டையைப் போட்டுவிடுவார்கள். நாங்கள் அரிவாளை அதிகமாகப் பார்ப்பது இளநீர்க் கடையில்தான். வெட்டுகிறவனை ஸ்லோமோஷனில் நடக்கவிட்டு, அவனுக்கு ஒரு பாட்டும் வைத்து, கடைசியில் அவன் செத்தால் நம்மை அழவும் வைப்பார்கள். நீங்கள் அவனை வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தீர்கள்.

பாபி சிம்ஹாவின் ரவுடி சேது முதல் பாதியில் உண்மையாகவே பயமுறுத்துகிறான். தன்னைப் பற்றி எழுதிய பத்திரிகைக்காரனை உயிரோடு கொளுத்தியவன். அவனுக்கே தெரியாமல் அவன் கதையைப் படம் எடுப்பதற்காகத் திருட மதுரைக்கு வரும் சித்தார்த்தின் கார்த்திக், மாட்டிக்கொண்டபோது நம் தொண்டையும் அடைத்துக்கொள்கிறது. பிறகு படம் ஒரு குட்டிக்கரணம் போடுகிறது பாருங்கள்! 'என் கதைதானே, நானே நடிக்கிறேன்' என்று ரவுடி கிளம்பிவிடுகிறான். நடிப்புச் சொல்லித்தர முத்து என்ற வாத்தியார் வருகிறார். ஊரே நடுங்கும் ஆட்கள் ஒரு ஒல்லி வாத்தியார் முன்னால் முகத்தைக் கோணிக்கொண்டு அழப் பழகுகிறார்கள். அழுகை வரவில்லை. எத்தனை பேரை அழவைத்த கூட்டம் அது! அந்த வாத்தியாராக வந்த குரு சோமசுந்தரம் கூத்துப்பட்டறையில் பயின்றவர். அதை நிறுவிய ந. முத்துசாமியை நினைத்துத்தான் முத்து என்று பெயர் வைத்தீர்களோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

சிரிக்க வைத்ததற்கு மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். எங்கள் மில்லில் புதிதாக வரும் பையன்களை ஒரு மூத்த ஆளோடு சேர்த்துவிடுவோம். ஓடுகிற மெஷினில் அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுவதற்குக் கை பழக வேண்டும்; சொன்னால் வராது, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பையன் அதையும் கற்றுக்கொள்வான். கூடவே அவர் மெஷினை வைகிற வசவு, வெற்றிலை மடிக்கிற விதம், மேலதிகாரி வந்தால் முதுகை வளைக்கிற அளவு எல்லாமும் வந்துவிடும். யாரும் பாடம் எடுப்பதில்லை.

உங்கள் கார்த்திக்குக்கும் அதுதான் நடக்கிறது. அவன் கதை எடுக்கப் போனான். சேதுவிடமிருந்து மிரட்டல் தொழிலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வருகிறான். கடைசியில் சேது நடிகன், கார்த்திக் அடியாட்களோடு போய்க் கால்ஷீட் கேட்கும் இயக்குநர். 1992இல் பெல்ஜியத்திலும் இப்படி ஒரு படம் வந்தது. கொலைகாரனைப் பின்தொடர்ந்து படம் பிடிக்கும் குழு, போகப்போக அவனுக்கே கையாள் ஆகிவிடும். அதில் குரு கடைசிவரை கொலைகாரன்தான். நீங்கள் குருவுக்கு வேறு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் பழைய வேலையில் சீடனை உட்காரவைத்தீர்கள். இந்தக் குசும்பு மதுரைத் தண்ணீரில்தான் வரும்.

சிம்ஹாவுக்கும் எடிட்டர் விவேக் ஹர்ஷனுக்கும் தேசிய விருது கிடைத்தது நியாயம். கன்னடம், தெலுங்கு, இந்தி என்று படம் ஊர் சுற்றியும் வந்துவிட்டது. ஆனால் வாத்தியார் முத்துவுக்கு ஒரு விருது கொடுத்திருக்கலாம் என்ற மனத்தாங்கல் எனக்கு இன்னும் தீரவில்லை. குரு சோமசுந்தரம் நடித்த 'ஜோக்கர்', 'மின்னல் முரளி' பார்த்த பிறகு கொஞ்சம் ஆறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். சேதுவை வைத்துப் படத்துக்குள் எடுத்த 'அ. குமார்' இருக்கிறதே, அதை முழுப் படமாக எடுத்து வெளியிடுங்கள். துண்டு துண்டாகக் காட்டி ஏமாற்றியது போதும். முதல் நாள் முதல் காட்சிக்கு எங்கள் ஷிப்டில் பாதிப் பேர் லீவு போடுவார்கள். மேனேஜரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.


ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு ரசிகன்