தட்டில் வந்தது

ஸ்பெயினில் படிக்கிற மகனைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு தாபாஸ் கடையில் சாப்பிட்டேன். "மது விற்கிற கடையில் ஒரு சேர் போய் இருக்கலாமா?" என்று கேட்கப்போகிறவர்கள் கடைசிவரை வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

ஊர் கிரனாடா. அங்குள்ள பழைய முஸ்லிம் குடியிருப்பின் பெயர் அல்பைசின். 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வெள்ளைச் சுவர்கள், கல் பாவிய ஒடுக்கமான ஒழுங்கைகள், எதிர் மலையில் அல்ஹம்ரா. 2003இல் திறந்த பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு இறங்கினோம். நல்ல பசி. ஒழுங்கை முனையில் ஒரு சின்னக் கடை. மஞ்சள் வெளிச்சம், நீல ஓடு பதித்த சுவர், மேலே வரிசையாகத் தொங்கும் பன்றித் தொடைகள். உள்ளே போக மனம் வரவில்லை. வெளியே போட்டிருந்த மேசையில் இருந்தோம்.

குடிக்க ஏதும் கேட்டால் ஒரு சின்னத் தட்டுச் சாப்பாடு சும்மா தருவது அந்த ஊர் வழக்கம். இரண்டு லெமன் சோடா கேட்டோம். பாண் துண்டின் மேல் ஏதோ வைத்து வந்தது. கையை நீட்டினேன்.

"வாப்பா, அது பன்றி" என்றான் மகன்.

பரிமாறிய பொடியனிடம் விஷயத்தைச் சொன்னான். அவன் முகம் சுளிக்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. தட்டை எடுத்துப்போய் ஒலிவ் காயும், கரும்புப் பாணி ஊற்றிய பொரித்த கத்தரிக்காயும் கொண்டுவந்தான். இறைச்சி பொரிக்காத எண்ணெய் என்று அவனாகவே சொன்னான். ஒலிவுக்கு அங்கே அஸெய்துனா என்கிறார்கள். நாம் ஓதுகிற ஸைத்தூன்தான். கத்தரிக்காய்க்கும் சீனிக்கும் அவர்கள் சொல்கிற பெயர்களும் அரபியில் இருந்து போனவை.

1492 என்றால் கொலம்பஸ் என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். அதே வருஷம் ஜனவரி 2ஆம் திகதிதான் கிரனாடா சரணடைந்தது. மார்க்கத்தில் கைவைக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் வாக்குக் கொடுத்தார்கள். பத்து வருஷத்துக்குள் ஞானஸ்நானம் எடு, இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போ என்றாகிவிட்டது. அதன்பிறகு பன்றி சாப்பிட மறுப்பதே மத விசாரணை மன்றத்தில் ஒருவருக்கு எதிரான சாட்சி. நான் தள்ளிவைத்தது போன்ற தட்டை, தள்ளிவைக்கப் பயந்து விழுங்கியவர்கள் இதே ஒழுங்கைகளில் இருந்திருப்பார்கள்.

எனக்கு 2013 ஞாபகம் வந்தது. நம் நாட்டில் ஹலாலுக்கு எதிராகக் கூச்சல் எழுந்த நாட்கள். ஸ்டாஃப் ரூமில் யாராவது சாப்பாடு நீட்டினால், "இது ஹலாலா?" என்று கேட்க நாக்கு கூசியது. "இன்டைக்கு நோன்பு" என்று பொய் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அந்தப் பொடியனிடம் ஒரு வசனத்தில் முடிந்த விஷயத்தை, வருஷக்கணக்காகப் பழகிய சிநேகிதர்களிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நான் மாட்டிறைச்சிக் கறியோடு பார்சலைத் திறக்கிற நாட்களில், எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு இந்து டீச்சர் ஒன்றும் பேசாமல் தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் இருப்பார். எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளாவது கேட்டேனா?

அடுத்த தவணை தொடங்குகிற அன்று, முதலில் அவரிடம்தான் கேட்க வேண்டும். கொலம்பஸ் பாடம் அதற்குப் பிறகு.